ஏழாம் கோட்டையைப் பொறுப்பேற்றுக்கொண்டேன் அண்ணி

என் ஸ்டெல்லா அண்ணிக்கு, ஏ ஷிப்ட்டின் அரசிக்கு, கோமதியின் பாதி உயிருக்கு,

முதலில் எங்கேயாவது உட்காருங்கள். கையில் வேலை ஏதாவது இருந்தால் கீழே வையுங்கள். சொல்லப்போகிற சேதி அப்படிப்பட்டது. ஒரு வாரமாக யாரிடம் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் ஆரம்பித்தேன். "கேமா? எங்க ஊட்ல கூட எந்நேரமும் அதான்" என்று காதில் வயரை மாட்டிக்கொண்டாள். இதை உள்ளபடி கேட்கத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி நீங்கள். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

அதனால் எழுதுகிறேன். கேம் விளையாடும் தமிழ்ப் பெண்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது, புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். "நீங்கள் ஆடிய கேமில் எது அருமை, எது பேஜார், மனம்விட்டு எழுதுங்கள்" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் 'அண்ணி' என்றுதான் கை தொடங்குகிறது. சரி, அவர்களும் படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்காகச் சில இடங்களில் உங்களுக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்வேன். "தெரியும் தெரியும், மேல சொல்லு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நாம் இரண்டு பேரும் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒரே போர்டின் முன்னால் நின்றவர்கள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை நீங்கள், இரண்டிலிருந்து பத்து வரை நான். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துப் புதுவாயலில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனாலும் நாம் முகம் பார்த்துப் பேசியது ஷிப்ட் மாறும் பத்து நிமிஷம்தான். அதிலும் பாதி, எந்த வயர் ரோல் தீர்ந்தது, எந்த டேப் ஒட்டவில்லை என்ற பேச்சு. நீங்கள் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் உங்களுக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அண்ணன் அந்தப் பழைய கேம் மெஷினைக் கொண்டுவந்தான். இரும்பு மில்லில் அவன் கூட வேலை செய்தவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்தது. உள்ளே ஒரே ஒரு கேம். வாள், மந்திரம், ஏழு கோட்டை, ஒரு பெரிய காடு. அண்ணன் இரண்டு நாள் ஆடினான். ஓநாய் கடித்துக் கடித்துச் செத்தான். "இன்னா கேம் இது, ஒரே பேஜாரு" என்று ரிமோட்டைப் போட்டுவிட்டுப் போனவன் போனவன்தான். எடுத்தது நீங்கள். அப்புறம் அதற்கும் ஷிப்ட்தான்: காலையில் நான், சாயங்காலம் நீங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு லீவு நாளில் நாம் சேர்ந்து செய்த தப்பு ஞாபகம் இருக்கிறதா? கேம் மூன்று வழி காட்டியது: மண், மரம், இரும்பு. கீழே இங்கிலீஷில் என்னமோ நீளமாக எழுதியிருந்தது. நீங்கள் படிக்கக்கூட இல்லை.

"கும்மிடிப்பூண்டில இருந்துக்கினு மண்ண எவளாச்சும் எடுப்பாளா? ஊரே இரும்பு அடிக்கிற ஊரு. இரும்பு எடு ஜெனி" என்றீர்கள்.

உறுதியாக இருக்கும் என்று நினைத்தோம். அந்த நீளமான வரிகளின் அர்த்தம் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இரும்பு வழியில் சேவ் செய்ய ஒரே ஒரு இடம். புதிதாக ஆரம்பித்தால் பழையது அழிந்துவிடும். வெளியே செத்தால் கடைசியாகச் சேவ் செய்த விளக்குக்குத் திரும்பலாம். ஏழாம் கோட்டைக்குள் செத்தால் அவ்வளவுதான், எல்லாமே துடைத்துப் போய்விடும். கேமிலேயே மிகக் கஷ்டமான வழி அது. ஊர்ப்பெருமையால் போய் விழுந்தோம்.

எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், குழுவில் இருப்பவர்கள் என்னைக் காறித் துப்பட்டும். நீங்கள் முதலில் 'ஸ்டெல்லா' என்று உங்கள் பேரையே வைத்து ஒருத்தியை வளர்த்தீர்கள். நான் ஒரு காலையில், அந்த முதல் காட்சி மலை மேல் சூரியன் வருமே, அதை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று 'புதிது' என்பதை அழுத்தினேன். உங்கள் ஸ்டெல்லா போய்விட்டாள். இரண்டு நாள் நீங்கள் என்னிடம் பேசவில்லை. குக்கர் பின்னால் எனக்கென்று டப்பாவில் எடுத்து வைக்கும் மீன் வறுவலும் இரண்டு நாள் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

அந்த டப்பா பற்றியும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டிலிருந்து உங்கள் அம்மா வீட்டு மீன் வந்தால், அண்ணன் கண்ணில் படாமல் ஒரு பங்கை ஒளித்து வைப்பீர்கள். "ஷிப்ட்டுக்குப் போனவளுக்குப் பங்கு இல்லாத ஊடு இன்னா ஊடு" என்பீர்கள். நான் வந்து திறந்தால் அடியில் வாழையிலைத் துண்டும் மேலே வெங்காயமும் இருக்கும்.

மூன்றாம் நாள் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஒரு நீள நோட்டை என் கையில் கொடுத்தீர்கள். உள்ளே நம் லைன் ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டிருந்தது. முடிந்தது, பாக்கி, ஜாக்கிரதை. கீழே ஒப்படைத்தவர், பொறுப்பேற்றவர். "கையெழுத்து போடாம இனிமே ரிமோட்ட தொடக்கூடாது. லைனுக்கு இன்னா ரூலோ அதான் இதுக்கும்" என்றீர்கள். நான் போட்டேன். அன்றைக்குத்தான் கோமதி பிறந்தாள்.

கோமதி என்பது நம் சூப்பர்வைசர் மேடம் பேர் என்பதைக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். "நம்ம பேரு வெச்சா செத்தா வலிக்குது. மேடம் பேரு வெய்யி, செத்தா ஜாலியா இருக்கும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். முதல் வாரம் ஜாலியாகத்தான் இருந்தது. இரண்டாம் கோட்டைக்குள் போவதற்குள் அந்தக் கோமதிக்கு ஒரு முள் குத்தினாலும் நாம் இரண்டு பேரும் 'அய்யோ' என்றோம்.

இப்போது கேட்டார்களே, எது அருமை என்று. அண்ணி, எனக்கு முதலில் தோன்றுவது நடப்பதுதான். எட்டு மணி நேரம் ஒரே போர்டின் முன்னால் ஒரே இடத்தில் நிற்கிறோம். பாத்ரூம் போகக்கூடக் கையைத் தூக்கி மாற்றாள் கேட்க வேண்டும். அந்தக் கேமில் கோமதி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடப்பாள். மலை தெரிந்தால் மலைக்குப் போகலாம். ஆறு தெரிந்தால் இறங்கலாம். கதை நமக்காகக் காத்திருக்கும், யாரும் பின்னால் நின்று கைக்கடிகாரம் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு காலை முழுக்கச் சும்மா ஓடினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

இன்னொன்று, பட்ட காயம் அப்படியே இருக்கும். முதல் ஓநாய் கடித்த தழும்பு கடைசி வரை கோமதியின் தோளில் இருந்தது. மழை பெய்தால் துணி நனைந்து நிறம் மாறும். மூலிகை பறித்து இடித்து மருந்து காய்ச்சலாம், அதில் நீங்கள் கெட்டி. அப்புறம் அந்தச் சதுப்பு ஏரி! மூன்றாம் கோட்டைக்குக் கிழக்கே, இளஞ்சிவப்பில் நெட்டைக்கால் பறவைகள் கூட்டமாக நிற்குமே. அன்றைக்கு நோட்டில் நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம். "முடிந்தது: ஒன்றும் இல்லை. பறவை பார்த்தேன். நம்ம பழவேற்காட்டுப் பறவைதான், இவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. பாக்கி: எல்லாமும்." நான் கோபமாகக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் நானும் போய் ஒரு மணி நேரம் பார்த்தேன், அதை நோட்டில் எழுதவில்லை.

சரி, பேஜாருக்கு வருவோம். ஊர் ஊராகப் போனால் ஒவ்வொருவனும் "பன்னிரண்டு ஓநாய்த் தோல் கொண்டு வா" என்பான். கொண்டுபோனால் "இன்னும் பன்னிரண்டு" என்பான். டார்கெட் போடுகிற வேலையை நாம் கம்பெனியிலேயே பார்க்கிறோம், வீட்டுக்கு வந்தும் அதேவா? குதிரை கூரை மேல் ஏறி நிற்கும், இறங்காது. கிழவன் ஒருவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த வழியே கிடையாது. விளக்கு இருக்கும் இடத்தில்தான் சேவ் செய்ய முடியும். நடுவில் கரண்டு போனால் இரண்டு மணி நேர உழைப்பு அம்போ. அதிலும் நம் புதுவாயல் கரண்டு!

கூட வருகிற கேடயக்காரனை மறப்பேனா? பெரிய உடம்பு, நல்ல மனசு, சண்டை வந்தால் மட்டும் வாசலில் குறுக்கே நின்றுகொள்வான். உள்ளேயும் போக மாட்டான், வெளியேயும் விட மாட்டான். சமையலறை வாசலில் நின்று "இன்னா கொழம்பு?" என்று கேட்கும் அண்ணனின் ஞாபகம் வந்து அவனுக்கும் 'அருள்' என்று அண்ணன் பேரையே வைத்தோம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல், பையில் வைத்த மருந்துக் குப்பி காணாமல் போவது. பத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன், மறுநாள் பார்த்தால் ஏழு இருக்கும். நான் கொஞ்சம் ஊதாரிதான், கீறல் விழுந்தாலே ஒரு குப்பி குடிப்பேன். ஆனால் குடித்தது எத்தனை என்று எனக்குத் தெரியாதா? "இது கேமில் இருக்கும் கோளாறு. பை ஓட்டை. இதைச் செய்தவனை நம் லைனில் ஒரு வாரம் நிற்க வைக்க வேண்டும்" என்று நோட்டில் எழுதினேன். நீங்கள் கீழே "உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். பத்து நிமிஷ இடைவெளியில் கேட்டால், "ஆமா ஜெனி, அவனுங்களுக்கு வேற வேல இன்னா" என்று உச்சுக் கொட்டுவீர்கள்.

ஆறு கோட்டை முடித்தோம். ஏழாவதின் வாசல் விளக்கு வரை வந்துவிட்டோம். 'உள்ளே போனால் திரும்ப வழியில்லை' என்று கதவில் எழுதியிருந்தது. கிறிஸ்துமஸ் லீவில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து உள்ளே போவது, அதுவரை நான் அந்த விளக்குப் பக்கமே போகக்கூடாது என்று பேச்சு. "நீ அவசரக்குடுக்க, காலு சும்மா இருக்காது. நான் போய் சேவ் பண்ணிக்கினு வரேன், நீ காட்டுல ஓநாயோட இரு" என்றீர்கள்.

அதற்கு முன்னால் ஐப்பசி மழை வந்தது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. லைனில் நின்றபடியே நடுங்கினீர்களாம், ஒரு மணிக்கே கோமதி மேடம் கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இரண்டு மணிக்கு நான் வந்தபோது போர்டின் முன்னால் நீங்கள் இல்லை. ஒப்படைக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன் அண்ணி, எனக்கு வராது.

பதினான்கு மாதம் நான் ரிமோட்டைத் தொடவில்லை. நோட்டு கிடைக்கவில்லை, கையெழுத்துப் போடாமல் தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பயம். உள்ளே போய்ச் செத்தால் கோமதி அழிவாள். நீங்கள் வளர்த்த கோமதி, உங்கள் கை பட்ட ஒவ்வொரு தழும்பும். ஏற்கெனவே ஒரு ஸ்டெல்லாவை அழித்தவள் நான். இன்னொரு தடவை என் கையால் அது நடக்க வேண்டாம் என்று மெஷின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்தேன். அண்ணனும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

இப்போதுதான் சேதி! காணும் பொங்கல் அன்று காலை பதினோரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டி சத்தம். பார்த்தால் கோமதி மேடம், நிஜக் கோமதி! சோழவரத்திலிருந்து வந்திருக்கிறார், கையில் ஒரு துணிப்பை. எனக்குக் கை கால் ஓடவில்லை. லீவு நாளில் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தால் யாருக்குத்தான் ஓடும்?

"இன்னா ஜெனி, உள்ள வரச் சொல்ல மாட்டியா?" என்றார். "பழைய லாக்கர் எல்லாம் எடுக்கறாங்க. ஸ்டெல்லா லாக்கரு சாவி இல்ல, நானும் இத்தினி நாளா உடைக்க விடல. லீவு உடறதுக்கு முந்தின நாளு உடைச்சிட்டாங்க. அதான் எடுத்துக்கினு வந்தேன்."

பைக்குள் உங்கள் தொப்பி, ஒரு கிளிப், சாப்பாட்டு டப்பா. அடியில் அந்த நீள நோட்டு. அன்றைக்கு இரண்டு மணிக்கு என் கையில் கொடுக்கத்தான் கம்பெனிக்கு எடுத்துப்போயிருக்கிறீர்கள்.

நான் கையை நீட்டினேன். மேடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துப் பிரித்தார். "இரு, ஒரு விஷயம் கேக்கணும். இது இன்னா இது? 'கோமதி மூணு தபா செத்தா. ஓநாய் தொடைய கடிச்சிது.' இங்க பாரு, 'கோமதிய ஆத்துல தள்ளி விட்டேன், நீச்சல் தெரியல.' யாரு இந்தக் கோமதி?"

அண்ணி, நான் செத்தேன். அண்ணன் பின்னால் நின்று நாஷ்டாவை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். வேறு வழி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் ஏன் வைத்தோம் என்பது உட்பட. மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "ஆறு கோட்டை புடிச்சிட்டனா நானு?" என்றார். "சரி, இத கடைசி வரைக்கும் படிச்சிட்டேன். நீ இப்ப கடைசிப் பக்கத்த படி."

உங்கள் கையெழுத்து. காய்ச்சலோடு எழுதியது போல, கோடு தாண்டித் தாண்டிப் போயிருந்தது.

"முடிந்தது: மூலிகை பறித்தேன். வாசல் விளக்கில் சேவ் செய்தேன்.
பாக்கி: ஏழாம் கோட்டை.
ஜாக்கிரதை: விளக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியைத் திறக்காமல் கதவுக்குள் போகாதே. திறந்துவிட்டு என்னைத் திட்டாதே.
ஒப்படைத்தவர்: ஸ்டெல்லா.
பொறுப்பேற்றவர்:"

அந்தக் கடைசி இடம் காலியாக இருந்தது. நான் அழுதேன், ஒளித்து வைக்காமல் அழுதேன். மேடம் தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "பதினாலு மாசமா லைன் நிக்குது. கையெழுத்த போடு" என்றார். போட்டேன்.

அண்ணன் துண்டை எடுத்து, மெஷினில் இருந்த தூசியைத் துடைத்தான். "கரண்டு?" என்றேன். "கம்பெனியெல்லாம் லீவு. இன்னிக்கு கரண்டு கல்லு மாதிரி நிக்கும்" என்றான்.

மெஷின் ஓடியது. கோமதி விளக்குப் பக்கத்தில் நீங்கள் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. குழுவுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெட்டி உண்டு, ஒன்றில் வைத்ததை இன்னொன்றில் எடுக்க முடியாது. அங்கே கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும். திறந்தேன்.

நாற்பத்து மூன்று மருந்துக் குப்பிகள்.

பை ஓட்டை இல்லை. கேமில் கோளாறு இல்லை. மாதக்கணக்கில் என் பையிலிருந்து இரண்டு, மூன்று என்று எடுத்து, குதிரையை ஓட்டிக்கொண்டு அந்த வாசல் வரை போய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், நான் ஊதாரி என்று தெரிந்து. 'உண்மைதான்' என்று எழுதிவிட்டு! உச்சுக் கொட்டிவிட்டு! அண்ணி, நீங்கள் எவ்வளவு பெரிய ஆள்! நான் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், வேறென்னமோ சத்தம் வந்தது. அண்ணன்தான் மெதுவாகச் சொன்னான், "மீனு டப்பா மாதிரியே பண்ணிக்கிறா பாரு." அவனுக்கு அந்த டப்பா அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தொடாமல் இருந்திருக்கிறான்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். கேடயக்காரன் வழக்கம்போல வாசலில் மாட்டிக்கொண்டான். "யாரு இவன், தண்டமா நிக்கறான்?" என்றான் அண்ணன். நான் கூரையைப் பார்த்தேன். "அது நீதாம்பா அருளு, நோட்டுல போட்டுக்கீது" என்றார் மேடம்.

உள்ளே இருந்தவன் இரும்பு அண்ணி! ஆள் முழுக்க இரும்பு, பனை உயரம், நெஞ்சுக்குள் உலை எரிகிறது. கையைத் தூக்கி அடிப்பான், அடித்ததும் உடம்பெல்லாம் பழுக்கச் சிவந்து போகும். கிட்டப் போனாலே கோமதிக்குச் சூடு தாங்காது. அதனால் அவன் கறுத்து ஆறும் வரை ஓடி ஒளிந்து, அப்புறம் போய் வெட்டினேன். வாள் 'டங் டங்' என்று திரும்பி வந்தது. அவன் உயிர்க்கோடு இம்மியும் குறையவில்லை. ஆறு குப்பி காலி. என் கை வியர்த்து ரிமோட் வழுக்கியது.

"நீ இன்னா பண்றே?" அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "கறுத்த இரும்ப எவனாச்சும் அடிப்பானா? பத்து வருசமா மில்லுல இதான் என் வேல. செவப்பா கீறப்போதான் இளகும். ஆறிச்சுன்னா சம்மட்டி போட்டாலும் ஒன்னியும் ஆவாது. செவப்புல போய் அடி!"

"சுடும்ணா! செத்துடுவா!"

"சுடட்டும். அதுக்குத்தான அவ மருந்து வெச்சிக்கிறா!"

அந்த நேரம் மேடம் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். நாம் பயந்து சாவோமே, அதே பார்வை. "நான் பாத்துட்டேன். ஏழு செகண்டுக்கு ஒரு தபா கை தூக்கறான். அடிச்சதும் மூணு செகண்டு செவப்பு. நான் எண்றேன், சொல்றப்போ நீ உள்ள போ. ஒன்னு, ரெண்டு..."

இப்படி ஆடியிருக்கிறோமா நாம்? மேடம் எண்ணுகிறார், அண்ணன் "செவப்பு! செவப்பு!" என்று கத்துகிறான், நான் சூட்டுக்குள் பாய்ந்து வெட்டுகிறேன், வெளியே வந்து ஒரு குப்பி. மறுபடி எண்ணிக்கை. உயிர்க்கோடு குறைகிறது! கோமதியின் முடி கருகியது, சட்டை கருகியது. இருபது குப்பி, பத்து, ஐந்து. எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். மேடம் பாதி எண்ணிக்கையிலேயே சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடி கோமதி, அடி!" என்று தன் பேரைத் தானே கத்திக்கொண்டிருந்தார்.

கடைசிக் குப்பியைக் குடித்தபோது அவனுக்கு நகத்தளவு உயிர் இருந்தது. இதற்கு மேல் உங்களிடமிருந்து எனக்கு வருவதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு சுற்றைத் தவறவிட்டேன். "ஜெனி, லைன பாரு!" என்று மேடம் ஒரு அதட்டல் போட்டார். அடுத்த ஏழாவது செகண்டில் உள்ளே போனேன். வெட்டினேன்.

விழுந்தான் அண்ணி! முழங்கால் மடங்கி, உலை அணைந்து, கோட்டை அதிர விழுந்தான்! நான் கத்தியதில் தொண்டை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். மேடம் எதிர் வீட்டுப் பாட்டிக்கு, "ஜெயிச்சிட்டேம்மா" என்று வணக்கம் வைத்தார்.

அதன் பிறகு கேம் ஒரு காரியம் செய்தது. கோமதியைக் கோட்டைச் சுவரில் ஏற்றி உட்கார வைத்தது. எதிரே கிழக்கில் அந்தச் சதுப்பு ஏரி. இளஞ்சிவப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் எழுந்து பறந்தன. பொத்தான் எதையும் அழுத்தத் தேவையில்லை, நாம் விரும்பும் வரை பார்க்கலாம். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நீங்கள் போன நாளில்கூட அவன் அழுது நான் பார்க்கவில்லை. அவ்வளவு அழகை ஓநாய்த் தோல் கேட்கிற கேமிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை என்று குழுவுக்குச் சொல்லிக்கொள்கிறேன். இந்த ஒரு காட்சிக்காகக் கூரை மேல் ஏறும் குதிரையைக்கூட மன்னிக்கலாம்.

மேடம் போகும்போது வாசலில் திரும்பி, "அடுத்த தபா என் பேர வெக்காதீங்க. எனக்கு உடம்பெல்லாம் வலிக்குது" என்றார். நோட்டில் நான் எழுதினேன். முடிந்தது: ஏழாம் கோட்டை. பாக்கி: இல்லை. ஒப்படைத்தவர் இடத்தில் என் கையெழுத்து. பொறுப்பேற்றவர் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பேனாவைப் பிடுங்கி அவன் பேரைப் போட்டுவிட்டான். "புதுசா ஆரம்பி. இந்த தபா ஓநாய நான் பாத்துக்கறேன்" என்றான்.

இரும்பு வழிதான் எடுத்தோம், இந்த முறை அர்த்தம் தெரிந்தே. கோமதி அழிவாள் என்பதும் தெரியும்; கோட்டை பிடித்தவள், பறவை பார்த்தபடி போகட்டும் என்று விட்டேன். பேர் ஸ்டெல்லா. காலையில் நான் ஆடுகிறேன், சாயங்காலம் மில் விட்டு வந்து அவன். ஓநாய் இன்னும் அவனைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. என்னை விடப் பெரிய ஊதாரி, கொசு கடித்தாலும் ஒரு குப்பி குடிக்கிறான்.

நேற்று நோட்டைப் பார்க்கிறேன், ஜாக்கிரதை என்ற இடத்தில் அவன் கோணல் கையெழுத்தில், "பையில வெச்ச மருந்து காணா போவுது. கேம்ல ஏதோ கோளாறு" என்று இருந்தது. நேரிலும் கேட்டான். "ஆமாண்ணா, அவனுங்களுக்கு வேற வேல இன்னா" என்று உச்சுக் கொட்டினேன். நோட்டில் கீழே "உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதுவரை பதினொரு குப்பி சேர்ந்திருக்கிறது அண்ணி. இதை எழுதிவிட்டாளே, அவன் படித்துவிடுவானோ என்று பயப்படாதீர்கள், அவன் எதையும் தலைப்பைத் தாண்டிப் படித்ததில்லை. வாசல் விளக்கு வரை போகிற வழி எனக்கு இப்போது தெரியும். அவன் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்று பெட்டியைத் திறக்கும் நாள் வரை வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம். வீட்டில் மீன் வறுத்தால் குக்கர் பின்னால் டப்பா இருக்கும், அதுவும் சத்தியம்.

பொறுப்பேற்றுக்கொண்ட
உங்கள் பி ஷிப்ட் நாத்தனார்,
ஜெனி